வேணியக்கா கேட்ட போட்டோ

விழுப்புரத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை செய்கிறேன். புதுப் போனைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் நான் செய்யும் முதல் வேலை, கேமராவில் பியூட்டி மோடை முழுசாக ஏற்றிவைப்பது. வாங்க வந்தவரை ஒரு செல்ஃபி எடுத்துக் காட்டினால் போதும். முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருக்கும், மனுஷன் மயங்கிவிடுவார். இதற்காக முதலாளி என்னைத் தட்டிக்கொடுத்திருக்கிறார். தூ, வெட்கக்கேடு!

வேணியக்கா எங்கள் ஊர் நர்ஸ். கண்டாச்சிபுரம் பக்கம் ஐந்து ஊர்கள் அவர் பொறுப்பு. பனமலையில் கடலைக்கொல்லைகளில் மல்லாட்டை பிடுங்கக் கூலிக்குப் போன குடும்பத்தில் பிறந்து, படித்து வேலைக்கு வந்தவர். வாயைத் திறந்தால் திட்டுதான். ஆனால் எந்த வீட்டில் யாருக்கு எத்தனையாவது மாதம் என்பது அவருக்கு மனப்பாடம்.

என் அக்கா அன்புச்செல்விக்குத் தலைப்பிரசவம், ஆண் குழந்தை. மூன்றாம் நாள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். வேணியக்காவுக்கு அடுத்த இரண்டு நாளும் வேறு ஊர்களில் தடுப்பூசி முகாம்.

"தெனமும் கொழந்தைய போட்டோ எடுத்து அனுப்பு பிரான்சிஸ். மஞ்சக்காமாலை வருதான்னு பாக்கணும். வெளிச்சத்துல எடு, ஃபிளாஷ் போடாத."

எனக்கா போட்டோ எடுக்கச் சொல்லித்தர வேண்டும்? லென்ஸைத் துடைத்தேன். காற்று படக்கூடாதென்று சாத்திவைத்திருந்த ஜன்னலைத் திறந்து, அக்கா கன்னத்தோடு குழந்தையை ஒட்டிவைத்து எடுத்தேன். உடனே ஜன்னலைச் சாத்திவிட்டோம். திண்டிவனத்திலிருந்து வந்திருந்த அக்கா புருஷன் ஆரோக்கியராஜ் மாமா, "எம்புள்ள செக்கச்செவேல்னு கீறான் பாரு மச்சான்" என்று போட்டோவை ஊருக்கெல்லாம் அனுப்பினார். வேணியக்காவும் "நல்லாகீது" என்றார்.

மறுநாளும் அதேபோல எடுத்து அனுப்பினேன். குழந்தை சரியாகப் பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தது. பச்சைப்பிள்ளை தூங்கத்தானே செய்யும் என்று இருந்துவிட்டோம். படம் போன பத்து நிமிடத்தில் வேணியக்காவிடமிருந்து போன் வந்தது.

"டேய், அன்புச்செல்வி கன்னத்துல தழும்பு எங்கடா?"

சின்ன வயதில் அடுப்பில் சுட்டுக்கொண்ட தழும்பு, எட்டணா அகலம் இருக்கும். போட்டோவில் காணவே காணோம். "அது... பியூட்டி மோடுக்கா..." என்று இழுத்தேன். போன் கட்டாகிவிட்டது.

அரைமணியில் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். இருட்டறையிலிருந்து குழந்தையை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிவந்து நெற்றியை விரலால் அழுத்திப் பார்த்தார். மஞ்சள். நெஞ்சிலும் மஞ்சள். உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள்.

"ஏண்டா, காமாலை இருக்குதான்னு பாக்க போட்டோ கேட்டா, கொழந்தைக்கு மேக்கப் போட்டா அனுப்புவ? நேத்தே கவனிக்காம உட்டுட்டேனே, என்னைச் சொல்லணும்!"

கத்திக்கொண்டே கண்ணாடி விரிசல் விட்ட தன் போனை எடுத்தார். அதில் பியூட்டி கிடையாது. குழந்தையின் காலுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, நிறத்தை ஒப்பிட இரண்டும் தெரிய ஒரே ஒரு படம் எடுத்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி டாக்டருக்கு அனுப்பினார். உடனே கூட்டிவரச் சொன்னார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் மூளையைப் பாதித்திருக்கும் என்று டாக்டர் சொன்னபோது, என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில், காமாலைக்கு வைக்கும் நீல விளக்கின் கீழ்க் குழந்தை கிடந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் டாக்டர், இனி பயமில்லை என்றார். வேணியக்கா குழந்தையை ஜன்னலோரம் வைத்துப் படம் எடுத்தார். மாமா எட்டிப் பார்த்தார்.

"இன்னா நர்ஸம்மா, இவ்ளோ கருப்பா எடுத்துக்கீறீங்க? மச்சான் போன்ல எடுத்தா நல்லா வரும்ல?"

நான் திட்ட வாயெடுத்தேன். அதற்குள் வேணியக்கா அவர் கையைப் பிடித்து இழுத்துக் குழந்தையின் கையோடு சேர்த்து வைத்தார்.

"உன் நெறம்தான்யா இது. இந்த நெறம் திரும்பி வராதான்னுதான் மூணு நாளா சோறு எறங்காம நின்னுக்கினு கீறேன்."