இரண்டு முறை பட்டி பார்க்கவும்

1. குதிரைப் பக்கம்

கேரள எல்லையில் இருக்கிற பாறசாலையில் புத்தகக் கடை நடத்துகிறவனுக்கு மூன்று மொழியில் பொய் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பாடப் புத்தகத்துக்கும் கைடுக்கும் அந்தத் திறமை தேவையில்லை, அவை தானே போகும். படம் வரையப் பழகும் புத்தகத்தை விற்கும்போதுதான் அது முழுக்கத் தேவைப்படும். இந்தக் கடையில் உட்கார்ந்தே தலை நரைத்த எனக்கு ஒரு கோழிகூட வரையத் தெரியாது. ஆனாலும் எந்தப் புத்தகம் நல்லது என்று என்னிடம்தான் கேட்பார்கள்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். புத்தகத்தைத் திறந்து மேஜைமேல் வைத்துவிட்டுக் கையை எடுங்கள். அது தானே மூடிக்கொண்டால் ஏற்கெனவே வரையத் தெரிந்தவர்களுக்கு விற்றுவிடுங்கள். பழகுகிறவருக்கு ஒரு கை பென்சிலுக்கு, ஒரு கை தாளுக்கு. புத்தகத்தை அமுக்கிப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. அதனால் சென்டர் பின் அடித்ததோ ஸ்பைரல் போட்டதோதான் அவருக்கு ஆகும்.

அடுத்து, குதிரைப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். குதிரை இல்லாத புத்தகத்தை நான் கண்டதில்லை. முதல் கட்டத்தில் இரண்டு வட்டம் இருக்கும். இரண்டாம் கட்டத்தில் வட்டங்களைச் சேர்க்கும் ஒரு கோடு. மூன்றாம் கட்டத்தில் பிடரி பறக்கப் பாய்கிற முழுக் குதிரை. நடுவில் என்ன நடந்தது என்று ஆசிரியர் மூச்சு விடமாட்டார். வாங்கினவர் பென்சிலை வைத்துவிட்டு எழுந்து போவது அந்த இடத்தில்தான்.

2. கழுதை

ஸ்டெல்லா டீச்சர் எல்லையோரக் கிராமத்து மிஷன் சபையில் ஞாயிறு பள்ளி நடத்துகிறவர். வார நாட்களில் தையல் வேலை. கிறிஸ்துமஸ் சமயத்தில் கரும்பலகையில் கழுதை வரைந்திருக்கிறார். பிள்ளைகள் அதைப் பன்றி என்று சொல்லிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து வாசலில் நின்ற சபைச் செயலர் ஞானதாஸ் சார் பிள்ளைகளோடு சேர்ந்து சிரித்ததைத்தான் டீச்சரால் தாங்க முடியவில்லை.

பிறகு ஞாயிறு பள்ளிக்குப் புது அறை கட்டினார்கள். உள்ளே ஒரு நீளச் சுவர் வெறும் சிமென்டுப் பூச்சோடு நின்றது. நெய்யாற்றின்கரையில் ஒரு ஃப்ளெக்ஸ் அடித்து மாட்டிவிடலாம் என்றார் செயலர். நல்ல மேய்ப்பனையும் ஆடுகளையும் நான் வரைகிறேன் என்று கமிட்டியில் எழுந்து சொல்லிவிட்டார் டீச்சர். நன்றாக வராவிட்டால் ஃப்ளெக்ஸ் ஏறும், அதன்பிறகு டீச்சர் பாட்டு மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும் என்று முடிவாயிற்று. கதை சொல்லி வகுப்பு எடுப்பதுதான் டீச்சருக்கு உயிர். அந்த வகுப்பையே பந்தயம் வைத்துவிட்டுத்தான் என் கடைப் படியேறினார்.

யூடியூப் இருக்கும்போது புத்தகம் எதற்கு என்று கேட்டேன். வியாபாரி கேட்கக்கூடாத கேள்விதான், ஆனால் எனக்கே அது புரியாமல் இருந்தது.

"அதுல ஒருத்தன் வரைவான் அண்ணே. நான் ஒரு கோடு போடுதுக்குள்ள அவன் வால் வரைக்கும் போயிருவான். புத்தகம்னா நான் வாறது வரைக்கும் அங்கேயே கிடக்கும் இல்லியா" என்றார்.

டீச்சர் தமிழில் படித்தவர். என் தமிழ் ரேக்கில் அந்த வகையில் ஒரே ஒரு புத்தகம்தான் கிடந்தது. மதுரை சேல்ஸ்மேன் ஒருவர் மற்ற சரக்கோடு சேர்த்துத் தலையில் கட்டியது. ரிட்டர்ன் எடுக்கவும் மறுத்துவிட்டார். ஆனால் சென்டர் பின், மேஜைமேல் நன்றாகப் படுத்தது. கடைசியில் சுவர்ப் படத்துக்கென்று ஒரு பக்கமும் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் டீச்சர் என்றேன்.

3. சந்தேகம்

அடுத்த வாரமே திரும்பி வந்தார். எல்லோரையும் போலக் குதிரையின் மூன்றாம் கட்டத்தில் மூச்சு முட்டி, நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு வரியில் விரலை வைத்துக் காட்டினார். 'சுவரில் வரையத் தொடங்கும் முன் இரண்டு முறை பட்டி பார்க்கவும்.'

எங்கள் பக்கத்துப் பேச்சில் பட்டி என்றால் நாய். மலையாளத்திலும் அதேதான். இரண்டு மொழியும் ஒன்றாகச் சொல்லும்போது யாருக்குச் சந்தேகம் வரும்? டீச்சருக்கு நாயில் சந்தேகம் இல்லை, எண்ணிக்கையில்தான்.

"இது எதுக்கு அண்ணே ரெண்டு வாட்டி?"

தெரியாது என்று சொன்னால் கடைக்காரனுக்கு மரியாதை போய்விடும். "ஒண்ணு நிக்கும்போ, ஒண்ணு படுத்துக் கிடக்கும்போ. நாலு காலுள்ளது எல்லாம் ஒண்ணுபோலத்தான் டீச்சர். பட்டி கைக்கு வந்தா ஆடு தானே வரும்" என்றேன். எழுதின ஆசிரியர்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கமாட்டார் என்று அன்று முழுக்க எனக்கு ஒரு பெருமை.

பக்கத்து வீட்டில் டோமி என்று ஒரு நாய். டீச்சர் காலையிலும் சாயங்காலமும் தாளோடு அதன் முன்னால் உட்கார்ந்தார். அது நில் என்றால் படுக்கும், படு என்றால் சொறியும். கடைசியில் அந்த வீட்டார் பாவம் பார்த்துக் கட்டிப் போட்டுக் கொடுத்தார்கள். தாள் வாங்க வரும்போதெல்லாம் வரைந்ததை என்னிடம் காட்டுவார். முதலில் மேஜைக்கு வால் முளைத்தது போல இருந்தது. போகப் போக முதுகு வளைந்தது, வயிறு ஒட்டியது. ஒரு நாள் தாளில் இருந்து ஒரு நாய் என்னைப் பார்த்தது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

"பின்னங்கால் முட்டு பின்னாலயாக்கும் மடங்குது அண்ணே. இத்தனை வருஷமா என் கண்ணு முன்னால நடக்குது, நான் பாக்கவே இல்ல" என்றார் டீச்சர்.

புத்தகத்தின் மகிமை என்று நினைத்துக்கொண்டு மதுரைக்கு இன்னும் ஒரு கட்டு ஆர்டர் போட்டேன். வாங்கினவர்களிடம் எல்லாம், பட்டி பார்க்க மறந்துவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

4. சுவர்

கோடை விடுமுறை வகுப்பு தொடங்குமுன் சுவர் தயாராகிவிட்டது. நானும் பார்க்கப் போனேன். நல்ல மேய்ப்பனும் மந்தையும். விரல் வராததால் மேய்ப்பனின் கைகள் அங்கிக்குள் போயிருந்தன. ஆடுகள் எல்லாம் யாரையோ கண்டு குரைக்கப்போவது போல நின்றன. ஆனால் ஓரத்தில் ஒரு நாய் உட்கார்ந்து பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தவர்களுக்கு மற்றது எதுவும் கண்ணில் படவில்லை. பிள்ளைகள் டோமி, டோமி என்று ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தார்கள்.

செயலர் ஃப்ளெக்ஸை முன்கூட்டியே அடித்து, சுருட்டி மூலையில் சாய்த்து வைத்திருந்தார். வெகுநேரம் சுவரைப் பார்த்தார்.

"டீச்சர், வேதத்துல நல்ல மேய்ப்பன்கிட்ட பட்டி உண்டா?"

"ஓநாய் உண்டே சார். அப்ப பட்டி இல்லாம எப்பிடி?"

பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஃப்ளெக்ஸை எடுத்துக்கொண்டு போகவில்லை.

5. இடவப்பாதி

ஜூனில் இடவப்பாதி மழை பிடித்தது. சுவரில் ஈரம் ஏறி, பெயின்ட் அப்பளமாகப் பொங்கி உரியத் தொடங்கியது. முதலில் மேய்ப்பனின் முகம் போயிற்று, பிறகு டோமியின் காது. அடுத்த ஞாயிறு ஃப்ளெக்ஸ் ஏறும் என்று செயலர் சொல்லி அனுப்பிவிட்டார். டீச்சர் முகம் வாடிப்போய், புத்தகத்தோடு கடைக்கு வந்தார். அன்றைக்கென்று மதுரை சேல்ஸ்மேனும் அங்கே நின்றார்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "பட்டி பார்த்தீங்களா மேடம்?"

"பாத்தேன்."

"ரெண்டு தடவை?"

"ஒரு மாசம் பாத்தேன்."

அவர் அசந்துபோனார். "ஒரு மாசமா? ஆள் வச்சா?"

"நானேயாக்கும். பக்கத்து வீட்டுக்காரங்க கட்டிப் போட்டுத் தந்தாங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன். பிறகு நிதானமாக விளக்கினார். சுவரில் சொரசொரப்பு தெரியாமல் பூசித் தேய்க்கிற வெள்ளை மாவுக்கு அவர்கள் பக்கம் பட்டி என்று பெயராம். அதைப் பூசுவதுதான் பட்டி பார்ப்பது, பூசாவிட்டால் பெயின்ட் நிற்காதாம். "உங்க ஊர்ல புட்டின்னு சொல்லுவீங்களே, அதுதான் சார்."

ஆர்டர் போட்ட அந்தக் கட்டும், நான் சொல்லி அனுப்பிய அத்தனை பேரும் என் கண்முன் வந்து போனார்கள். இவர்களில் எத்தனை பேர் எத்தனை நாயின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்களோ. டீச்சர் அந்த வரியை இன்னொரு முறை வாசித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"நல்ல வேளை அண்ணே. அது தெரிஞ்சிருந்தா ஒரு டப்பா புட்டி வாங்கிப் பூசிட்டு, அதுக்கு மேல அந்தக் கழுதையையேதான் வரைஞ்சிருப்பேன்."

அப்படியே செயலரிடம் போய் ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார். இந்த முறை செயலர் சிரித்தபோது டீச்சரும் சேர்ந்து சிரித்தாராம். மழை விட்டதும் ஆள் வைத்துப் புட்டி போட்டார்கள். மாவு தரையில் சிந்தாமலிருக்க மூலையில் இருந்த ஃப்ளெக்ஸை விரித்தார்கள். அதற்கும் ஒரு உபயோகம் வந்தது. மேய்ப்பன் எப்படி வந்தாலும் சரி, அந்தப் பட்டி அங்கேயே வேண்டும், பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று செயலரே சொன்னாராம். இரண்டாம் முறை வரையும்போது டீச்சர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. கதை வகுப்பும் டீச்சரிடமே நின்றது.

அடுத்த அச்சில் அந்த வரியைத் தெளிவாகத் திருத்தச் சொல்கிறேன் என்றார் சேல்ஸ்மேன். தயவுசெய்து வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் புத்தகத்தில் உருப்படியான வரி அது ஒன்றுதான்.

இப்போது வரையப் பழக யார் புத்தகம் கேட்டு வந்தாலும், வீட்டுப் பக்கத்தில் பட்டி உண்டா என்று முதலில் கேட்கிறேன். உண்டு என்றால் மேஜையில் படுக்கிற எந்தப் புத்தகமும் அவர்களுக்குப் போதும். இல்லை என்கிறவர்களுக்குக் குதிரை நன்றாகப் பாய்கிறதாகப் பார்த்துக் கொடுக்கிறேன். கடை நடக்க வேண்டாமா?