கொழுந்து பறிக்கும் விரல்கள்

பண்டாரவளையில் எனக்கு வண்டி வயரிங் கடை. கொழும்பிலிருந்து வந்த ஒரு ஸ்போர்ட்ஸ் கார், இடப்பக்க வளைவுகளில் மட்டும் எஞ்சின் அணைந்துவிடும். மூன்று நாள் தேடினேன். எந்த வயரைச் சோதித்தாலும் நல்லது என்றே மீட்டர் காட்டியது. மறுநாள் லொறியில் ஏற்றிக் கொண்டுபோய்விடுவதாகச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார்.

அன்று மழைக்குக் கடையில் ஒதுங்கிய கொஸ்லந்த தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருவர், நான் கழற்றி மேசையில் பரப்பியிருந்த வயர்களைத் தொட்டார்.

“கைய எடும்மா! இது என்ன கொழுந்தா?” என்று கத்தினேன்.

அவர் விரல்கள் ஒரு வயரில் நின்றன. முற்றிய இலையையும் கொழுந்தையும் பார்க்காமலே பிரிக்கிற விரல்கள்.

“இந்த எடத்துல மட்டும் தொவளுதுண்ணே. உள்ளுக்கு அறுந்திருக்கு.”

வெட்டிப் பார்த்தேன். மேலே உறை முழுசாக இருக்க, உள்ளே செம்புக் கம்பி முறிந்திருந்தது. நேராக இருந்தால் முனைகள் தொடும். இடப்பக்க வளைவில் இழுபட்டால் விலகிவிடும்.

நான் நிமிர்ந்தபோது அவர் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்.

மாலையில் சொந்தக்காரர் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு என் கையைக் குலுக்கி, “நீங்க கெட்டிக்காரர்” என்றார். நான் மறுக்கவில்லை.

இப்போதெல்லாம் மீட்டரை எடுக்குமுன் கண்ணை மூடி வயரைத் தடவிப் பார்க்கிறேன். என் விரலுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.