திட்டத்தில் இல்லாத அமாவாசை

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். வாரம் முழுவதற்குமான அடுப்படி வேலை அன்றைக்குத்தான். உத்திரமேரூர் பக்கம் வீடு, வாலாஜாபாத்தில் எனக்கு ஆபீஸ் வேலை, கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட். மாவை அரைத்து, பூண்டை உரித்து, எந்தக் கிழமைக்கு எது என்று முடிவு செய்துவிட்டால்தான் மற்ற நாட்களில் பஸ்ஸைப் பிடிக்க முடியும். செவ்வாய் காலையில் இட்லி, முந்தின நாள் வத்தக்குழம்பு. யோசிக்கவே வேண்டாம்.

அந்தச் செவ்வாயும் அப்படித்தான் தொடங்கியது. மாமியாருக்குச் சர்க்கரை நோய். இட்லி வேகும்போது ஊசி போட்டுக்கொள்வார். அதன்பிறகு சாப்பிட்டே ஆக வேண்டும். இல்லையென்றால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடும். ஒருமுறை அப்படி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர். ஊசியைப் போட்டுக்கொண்டு தட்டின் முன் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு அக்கா மதில்மேல் ஒரு வாழையிலையை நீட்டினார்.

"அமாவாசைக்கு எல வேணுமேன்னு அறுத்தாந்தேன். படையல் போட்டாச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினம் காலண்டர் தாளைக் கிழிப்பது என் கணவர். அவர் இரட்டை ஷிப்டில் மாட்டிக்கொண்டிருந்தார். சுவரில் இன்னும் ஞாயிற்றுக்கிழமையே தொங்கிக்கொண்டிருந்தது.

மாமியார் தட்டைத் தள்ளிவிட்டார். மாமனார் போனதிலிருந்து அமாவாசையன்று அவருக்குப் படைத்து, காக்கை வாய்வைத்த பிறகுதான் இவர் சாப்பிடுவார்.

"ஐயோ அத்தை, ஊசி போட்டுட்டீங்க! ஒரு இட்லியாவது சாப்டுங்க."

"பூண்டுக் கொழம்பையும் பழைய மாவையும் அவருக்கு வெப்பியா? அவருக்கு வெக்காம நான் வாயில வெக்க மாட்டேன்."

"சக்கரத் தண்ணியாச்சும் குடிங்க."

"மாட்டேன்னா மாட்டேன்."

அரிசியையும் பருப்பையும் குக்கரில் ஏற்றினேன். என் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. போய்த் தொலையட்டும். மின்விசிறிக்குக் கீழேயே மாமியாரின் நெற்றி வியர்த்தது. கை நடுங்கியது. "இன்னாவோ மாரி கீதும்மா" என்றார். எனக்குப் பயமாக இருந்தது. கூடவே கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

விசில் அடங்கியதும் இலையில் சோறும் பருப்பும் நெய்யும் வைத்து மாடிக்கு ஓடினேன். "கா, கா" என்று கூப்பிட்டேன். எதிர் வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போகிற அவசரத்தில் விடிந்ததுமே படைத்திருந்தார்கள். காக்கைகள் அத்தனையும் அந்த மாடியில் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூட என் பக்கம் திரும்பவில்லை.

"மாமா! வடை இல்லன்னு கோவமா?" என்று கத்தினேன். "உங்க பொண்டாட்டி கீழ மயங்கிக்கினு கீறாங்க! வந்து ஒரு வாய் துன்னுட்டுப் போங்க! ஏதாச்சும் ஆச்சுன்னா அப்புறம் என்னைக் கேக்காதீங்க!"

தெருவே நிமிர்ந்து பார்த்தது. பார்க்கட்டும் என்று இன்னும் உரக்கக் கத்தினேன். அப்போது கீழே ஏதோ உருண்டு விழுந்த சத்தம் கேட்டது. என் உயிரே போய்விட்டது. எப்படிப் படியிறங்கினேன் என்று தெரியாது.

விழுந்தது சர்க்கரை டப்பா. மாமியார் தரையில் உட்கார்ந்து, சிந்திய சர்க்கரையை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தார். நடுக்கத்தில் பாதி மடியில் கொட்டியது. தண்ணீர் கொடுத்து, முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கொஞ்சம் தெளிந்ததும் பருப்புச் சோற்றைப் பிசைந்து ஊட்டினேன்.

"இன்னும் காக்கா வரல அத்தை" என்றேன். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"எப்டி வரும்? உயிரோட இருந்தப்ப மட்டும் அந்த மனுசன் சோத்து வேளைக்கு வூட்டுக்கு வந்தாரா? கல்யாணம் ஆன நாள்லருந்து அவரு துன்ற வரைக்கும் பசியோடவே குந்திக்கினு இருந்தேன்" என்றார். "போதும். இன்னொரு வாய் குடு."