உப்பு ஒறுத்து மடுவுக்கு ஓடியது

என் மனைவியின் தமையன் எங்கள் வழியை முள்ளுக்கம்பியால் அடைத்து மூன்று வருடமாகிறது. மன்னார்த் தீவில், கீரி என்ற எங்கள் ஊரில் றோட்டோரக் காணி அவனுடையது. அதற்குப் பின்னால், கடற்பக்கமாக உள்ள துண்டு சீதனமாக எங்களுக்கு வந்தது. நாங்கள் றோட்டுக்குப் போக அவன் காணியின் ஓரமாக ஓர் ஒழுங்கை இருந்தது. மாமனார் காலத்திலிருந்தே எல்லோரும் நடந்த ஒழுங்கை அது. பூநாரை பார்க்க வருகிற வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடவென்று அவன் மூன்று அறை கட்டினான். நான் கருவாடு போடுகிறவன். மூட்டையைச் சைக்கிளில் வைத்து அந்த அறைகளின் யன்னலுக்குக் கீழால்தான் உருட்டிக்கொண்டு போவேன். ஒருநாள் ஒரு வெள்ளைக்காரி மூக்கைப் பொத்தினாளாம். மறுநாள் நாலு வரிசை முள்ளுக்கம்பி ஏறிவிட்டது.

அன்றிலிருந்து கடற்கரை மணலைச் சுற்றித்தான் நாங்கள் றோட்டுக்கு ஏற வேண்டும். மனைவிக்கு முழங்கால் வருத்தம். மணலில் கால் புதையப் புதைய அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பாள். மத்தியஸ்த சபைக்கு மூன்று தரம் அவனை அழைப்பித்தோம். மூன்று தரமும் அவன் வரவில்லை. உடன்பிறந்தே கொல்லும் வியாதி என்று சொல்லி வைத்தவர் கீரிப் பக்கம் ஒருதரமாவது வந்து போயிருக்க வேண்டும்.

ஓட்டம் எனக்கு இந்தப் பகைக்கு முன்னரே தொடங்கியது. கிளினிக்கில் பிரஷர் என்றார்கள். உப்பைக் குறை, உடம்பை அசை என்றார்கள். விடியற்காலையில் கீரியிலிருந்து, தீவைப் பெருநிலத்தோடு சேர்க்கும் பாலம் வரை ஓடத் தொடங்கினேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் எந்த வேலையைத் தொட்டாலும் அதன் அடிவேர் தெரியாமல் நித்திரை வராது. கைபேசியில் தேடித் தேடி வாசித்தேன், வாசித்ததைக் கண்டவரிடமெல்லாம் சொன்னேன்.

நடக்கும்போது ஒரு கால் எப்போதும் நிலத்தில் இருக்கும். ஓடும்போது ஒவ்வோர் எட்டிலும் ஒரு கணம் இரண்டு காலும் அந்தரத்தில் நிற்கும். விழும்போது உடம்பின் பாரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு அந்த ஒற்றைக் காலில் இறங்கும். நெடுந்தூரம் ஓடினால் முதுகெலும்பின் இடைச் சவ்வுகள் நசிந்து ஆள் கொஞ்சம் கட்டையாகிவிடுவான். படுத்தெழும்பினால் பழைய உயரம் திரும்பி வரும். உள்ளங்கால் அடிபடுகிற அடியில் இரத்தத்தின் சிவப்பு அணுக்கள் சில உடைந்தே போய்விடும், சிலருக்கு மூத்திரம் கோலா நிறத்தில் போகும். இதைக் கரைவலை இழுக்கிறவர்களிடம் சொன்னபோது அவர்களில் ஒருவர், "எங்களுக்கு மீன் விலையைக் கேட்டாலே அந்த நிறத்திலைதான் போகுது, நீர் ஏன் ஓடிக் கஷ்டப்படுறீர்?" என்றார்.

அந்த மனிதரின் கேலியில் நஞ்சில்லை. நஞ்சு முழுவதையும் ஒருவனே வைத்திருந்தான்.

மடு மாதாவின் ஆவணித் திருநாளுக்கு இரண்டு கிழமை இருந்தது. ஞாயிறு பூசை முடிந்து கோவில் முற்றத்தில் சனம் மடுவுக்குப் போகிற பேச்சில் நின்றது. தன் உழவு மெசினில் ஆள் சேர்த்துக்கொண்டிருந்த மச்சான் என்னைக் கண்டான்.

"என்ன மச்சான், காலமை காலமை கட்டாக்காலிக் கழுதை மாதிரி றோட்டாலை ஓடுறீர். ஆர் கலைக்கிறது?"

"உம்மைக் கலைக்கப் பழகிறன்," என்றேன்.

சனம் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "அரைக் காற்சட்டையும் ஆளும். தூரத்திலை பாத்தால் பின்பக்கம் மட்டும் தனிய ஓடுது."

"அது ஓட்டத்துக்கெண்டே ஆண்டவர் வைச்ச தசை. மட்ட நிலத்திலை நடக்கேக்கை அது பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். ஓடேக்கைதான் அதுக்கு வேலை. உமக்கு அது கதிரையை நிரப்ப மட்டும் உதவுது."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சிரிப்புச் சத்தம் கேட்டால் எனக்கு நாக்கு நிற்காது. "நாய் நாலு காலிலை பாயேக்கை ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சுத்தான். அதுக்கு எங்களைப் போலை வேர்த்து ஆறவும் தெரியாது. வெய்யிலிலை நெடுந்தூரம் ஓட மனிசனைப் போலை சீவன் குறைவு. நான் மடுவுக்கே ஓடுவன்!"

அவன் கையைத் தட்டி எல்லோரையும் திரும்ப வைத்தான். "சனமெல்லாம் கேளுங்கோ. திருநாளுக்கு முதல்நாள் விடிய வெளிக்கிட்டு, அந்தி மணிக்கு முன்னம் இவர் மடுக் கோவில் வாசலிலை தன்ர காலிலை வந்து நிண்டால், கம்பியை நானே வெட்டி வழியைத் திறந்துவிடுறன். ஒரு வண்டிச் சில்லிலை ஏறினாலும் வழி இல்லை."

"ஓம்," என்றேன். கீரியிலிருந்து மடு ஐம்பது கிலோமீற்றர் வரும். அருகில் நின்ற மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் திரும்பவில்லை.

மடுவுக்குப் போகிறவர்கள் ஏதாவது ஒன்றை ஒறுத்து நேர்த்தி வைப்பது எங்கள் வழக்கம். ஒருவர் இறைச்சி, ஒருவர் கள்ளு, ஒருவர் வெற்றிலை. நான் உப்பை ஒறுத்தேன். பிரஷருக்கும் நல்லது, மாதாவுக்கும் பிடிக்கும் என்று கணக்குப் போட்டேன். கிளினிக்கில் குறை என்று சொன்னதை நிறுத்து என்று எடுத்துக்கொண்டது என் புத்தி. பகல் முழுக்கக் கை உப்புக்குள் கிடக்கும். இரவில் வாய் வெறும் சோற்றை மெல்லும். மனைவி சட்டியைத் தூக்கிக் காட்டுவாள்: "உப்பில்லாப் பண்டம் குப்பையிலை எண்டுவினம். இதைக் குப்பைகூட ஏற்காது. நாய் மணந்துபாத்திட்டு என்னை ஒரு பார்வை பாத்திட்டுப் போகுது."

திருநாளுக்கு முந்தின நாள் கோழி கூவும் நேரத்தில் புறப்பட்டேன். பாலத்தில் சோளகக் காற்று வலப்பக்கத்தால் அடித்தது. பின்னால் சாட்சிக்கு மச்சானின் உழவு மெசின் ஊர்ந்து வந்தது. அது இழுத்த பெட்டிக்குள் சனம் செபமாலை சொல்லியது, மனைவி தண்ணீர்ப் போத்தல்களுடன் ஓரத்தில் இருந்தாள். செபமாலையில் பத்து மணி உருட்டி முடியும்போதெல்லாம் மச்சான் மெசினின் கோனை அலறவிட்டான். தள்ளாடிச் சந்தி கழிந்தது. வெயில் ஏறியது. உடம்பு நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. வேர்த்தது, ஆறியது, ஓடியது. உயிலங்குளத்தில் திரும்பிப் பார்த்து அவனுக்குக் கை காட்டினேன்.

வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். யாத்திரிகருக்குத் தண்ணீர் கொடுப்பதும் ஒரு நேர்த்திதான். ஆகவே அங்கே வேண்டாம் என்று சொல்லக்கூடாது. சொன்னால் அவர்களுடைய நேர்த்தியை நீங்கள் தட்டிவிட்டதாகிவிடும். முதல் பந்தலில் ஒரு பெரியவர் மோரை நீட்டினார்.

"மோரிலை உப்பிருக்கோ ஐயா? நான் உப்பு ஒறுத்தல்."

"அப்பிடியே? அப்ப பச்சைத் தண்ணியிலை ரெண்டு செம்பு குடியும் தம்பி. மோரை விட்டதுக்கு ஒண்டு, எங்கடை நேர்த்திக்கு ஒண்டு."

எல்லாப் பந்தலிலும் அந்தக் கணக்கே நடந்தது. இடையில் தாகம் வருமுன்னரே மனைவி போத்தலை நீட்டினாள். மச்சானும் சும்மா இருக்கவில்லை. "குடியும் மச்சான், குடியும். வெய்யிலிலை செத்தால் என்ர மெசினுக்குப் பழி."

முருங்கன் தாண்டியதும் வயிறு நிரம்பிய குடம் போல் ஒவ்வோர் எட்டுக்கும் குலுங்கியது. நீண்ட ஓட்டத்தில் இரத்தம் குடலை விட்டுக் காலுக்குப் போய்விடும், அதனால் வயிறு வேலைநிறுத்தம் செய்யும் என்று வாசித்திருந்தேன். அதுதான் என்று நினைத்தேன். பிறகு கலியாண மோதிரம் விரலை இறுக்கியது. கையைப் பார்த்தேன். விரல்கள் பாகற்காய் போல் வீங்கியிருந்தன. நெற்றிக்குள் யாரோ ஆப்பு அடித்தார்கள். வெயில் பிடித்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையே நம்பி இன்னும் ஒரு போத்தல் குடித்தேன்.

மடு றோட் சந்தியில் திரும்பிக் காட்டு வழியில் ஏறியது எனக்கு நினைவிருக்கிறது. பிறகு நடந்தது மனைவி சொல்லித்தான் தெரியும். நான் சத்தி எடுத்தேனாம். வாயைத் துடைத்துக்கொண்டு மன்னார்ப் பக்கம் திரும்பி முழு வேகத்தில் ஓடத் தொடங்கினேனாம்.

"இஞ்சருங்கோ! அந்தப் பக்கமில்லை!" என்று அவள் கத்தினாளாம்.

மெசினைச் சுற்றிக்கொண்டு கொஞ்சத் தூரம் ஓடி, றோட்டோரம் குப்புற விழுந்தேன். ஒலிபெருக்கியில் மடுக் கோவில் செபமாலை கேட்கிற தூரம் அது. அந்தி மணிக்கு இன்னும் நேரமிருந்தது. சனம் கூடி, "தண்ணி, தண்ணி" என்று தலையில் ஊற்றியது, வாயைத் திறந்து ஊற்றவும் பார்த்தது. மச்சான் சனத்தை விலக்கி என்னைத் தனியே தூக்கிப் பெட்டிக்குள் போட்டு மெசினை விரட்டினான். அதை நான் மறைக்கவில்லை. மறைத்தால் நாக்கு அழுகும்.

கோவில் வளவில் திருநாளுக்குப் போட்டிருந்த வைத்தியக் கூடாரத்தில் ஓர் இளம் டொக்டர் பிள்ளை இருந்தாள். மனைவி அங்கேயும் என் வாயில் கோப்பையை வைக்க, அவள் தட்டி மறித்தாள்.

"எவ்வளவு தண்ணி குடிச்சவர்?"

மனைவி பந்தல்களை ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணினாள். இரண்டு கை விரலும் போதவில்லை.

"என்ன சாப்பிட்டவர்?"

"உப்பு ஒறுத்தல் பிள்ளை. ரெண்டு கிழமையாய்."

அவள் என் விரலையும் மோதிரத்தையும் பார்த்தாள். "இவருக்குத் தண்ணி பத்தாமல் இல்லை அம்மா. தண்ணி கூடிப்போச்சு. வேர்வையோடை உப்புப் போகுது, நீங்கள் வெறுந் தண்ணியாய் ஊத்தி இருக்கிற உப்பையும் நீர்க்க வைச்சிட்டியள். அந்தத் தண்ணி மூளைக்குள்ளை ஊறும். மண்டையோட்டுக்குள்ளை வீங்க இடமில்லை. இன்னும் ரெண்டு போத்தல் குடுத்திருந்தால் சவப்பெட்டியோடைதான் திரும்பியிருப்பியள்."

அம்புலன்ஸில் மன்னார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே நரம்பு வழியாக உப்புத் தண்ணீரை அளந்து அளந்து ஏற்றினார்கள். தீவு முழுவதற்கும் கதை பரவியது. கருவாட்டுக்காரன் உப்பில்லாமல் சாகப் பார்த்தான் என்று பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்தவர்கள்கூட என்னையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் மச்சான் வந்தான். ஒரு தோடம்பழம்கூடக் கொண்டு வரவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றான்.

"உயிர் தப்பினது என்ர மெசினாலை."

"ஓம். அதுக்கு நன்றி," என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு மடுவுக்கு இன்னொரு தரம் ஓடுகிற மூச்சு வேண்டியிருந்தது.

"மெசினிலை வந்தனீர். அப்ப வழி இல்லை."

"நான் ஏறேல்லை. நினைவில்லாமல் கிடந்தவனை நீர் ஏத்தினீர்!"

"ஏறினாலும் ஏத்தினாலும் சில்லு சில்லுதான். சனம் சாட்சி."

போய்விட்டான். என்னைக் காப்பாற்ற அவன் அவ்வளவு விரைந்தது எதற்கென்று அன்று முழுவதும் யோசித்தேன். நான் செத்திருந்தால் பந்தயம் முடிவில்லாமல் போயிருக்கும் என்பதற்காகவும் இருக்கலாம். இரக்கத்தாலும் இருக்கலாம். அந்த இரண்டாவதை நினைக்கத்தான் எனக்கு அதிகம் எரிந்தது. கட்டிலோரம் இருந்த மனைவி தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டபோது என்னை நெடுந்தூரம் நடக்க வேண்டாம் என்றார்கள். ஓட்டோவில் வந்தோம். தமையனின் காணிக்கு முன்னால் அவள் ஓட்டோவை நிற்பாட்டினாள்.

"தம்பி, உம்மட்டைக் குறடு இருக்கோ?"

சாரதி ஆசனத்துக்குக் கீழிருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் இறங்கி நொண்டி நொண்டிப் போய் முதல் கம்பியை வெட்டினாள். கம்பி சுருண்டு பாய்ந்த சத்தத்துக்கு மச்சான் சாரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். அறை வாசலில் இரண்டு வெள்ளைக்காரர் தேநீரோடு நின்றார்கள்.

"என்னடி செய்யுறாய்?"

"கண் தெரியேல்லையே? கம்பி வெட்டுறன்."

"பந்தயத்திலை அவர் தோத்தவர்!"

"ஓம், அவர் தோத்தவர். நான் எப்ப ஓடினனான்? என்ர கால் நடக்கிற வழியைப் பந்தயம் வைக்க நீங்கள் ரெண்டு பேரும் ஆர்?"

ஓட்டோவுக்குள் இருந்தபடி நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் குறட்டை என் பக்கம் நீட்டினாள். "நீங்கள் வாயை மூடிக்கொண்டிருங்கோ. அந்த வாயாலைதான் இவ்வளவும்."

நாலு கம்பியும் விழுந்தன. ஓட்டோ ஒழுங்கையால் போய் எங்கள் படலையில் நின்றது.

மறுநாள் அவன் புதுக் கம்பி கட்டினான். அவள் வெட்டினாள். இன்னும் தடித்த கம்பி கட்டினான். பெரிய குறடு வாங்கி வந்து அதையும் வெட்டினாள். தமையனும் தங்கையும் இப்போது பேசுவதில்லை. மூன்று தரம் மத்தியஸ்தத்துக்கு வராதவன் இந்தமுறை தானே போய் முறைப்பாடு வைத்திருக்கிறான். வருகிற சனிக்கிழமை தவணை. நானும் வாறன் என்று நேற்று வேட்டியை எடுத்து வைத்தேன். அவள் அதைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தாள்.

"நீங்கள் வந்தால் உடம்பைப் பற்றித்தான் கதைப்பியள். நான் வழியைப் பற்றிக் கதைக்கோணும்."