பச்சை மையும் பலாப்பிசினும்

பலாப்பழ வாசம் அடிக்கும் காகிதத்தை எங்கே முகர்ந்தாலும் எனக்குப் பழிவாங்கும் ஆசை வந்துவிடும். 2005 மே மாத விடுமுறையில், வெட்டிய பாதிப் பலாவையும், திருப்பாதிரிப்புலியூர் வாடகைப் புத்தகக் கடையில் எடுத்த துப்பறியும் நாவலையும் ஒரே மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு, கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். "பிசின் ஒட்டுனா போவாதுடா" என்று அம்மா கத்தியது, பழி நினைப்பில் இருந்த என் காதில் ஏறவே இல்லை.

பழிவாங்க வேண்டியது சிதம்பரத்து அத்தை மகள் வளர்மதியை. என்னைவிட ஒரு வயது மூத்தவள். முந்தைய விடுமுறையில், நான் பாதி படித்திருந்த நாவலைப் பிடுங்கி எனக்கு முன்னால் முடித்துவிட்டு, முதல் பக்கத்திலேயே பச்சை மையில் எழுதியிருந்தாள்: "டிரைவர்தான் கொலைகாரன். 12ஆம் பக்கம் பாரு, செருப்புல ஈர மண்ணு." அந்த ஈர மண்ணை நான் முறுக்கு தின்றுகொண்டே தாண்டிப் போயிருந்தேன்.

"கதை எழுதறவரு எதையும் சும்மா எழுத மாட்டாருடா. பின்னாடி ஆவப்போறதுக்குத்தான் முன்னாடியே வெச்சிருப்பாரு" என்றாள். அதோடு விட்டாளா? "இவனுக்கு அந்தக் கொலைகாரனே வந்து டீ வாங்கிக் குடுத்தாக்கூடத் தெரியாது" என்று கூடத்தில் எல்லோர் முன்னாலும் சொல்ல, அன்றிலிருந்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் நான் "டீ பார்ட்டி" ஆனேன். கல்யாணப் பந்தியில்கூட அந்தப் பெயர்தான். அதை ஒழிக்க ஒரே வழி, அதே கூடத்தில் அவளைத் தப்பாகச் சொல்ல வைப்பது.

நானும் ஒரு பச்சைப் பேனா வாங்கினேன். இந்தத் தடவை எடுத்த நாவலில், எஸ்டேட் பங்களாவில் கொலை. டாக்டர்மேல்தான் என் சந்தேகம். முதல் தடவையாக அந்த வீட்டுக்கு வந்ததாகச் சொல்பவர், இருட்டில் தடுமாறாமல் போய் லைட் சுவிட்சைப் போடுகிறார். அதை மறைப்பதற்காக, பாவப்பட்ட சமையல்காரன் கத்தி தீட்டியது, தும்மியது, லேட்டாக வந்தது எல்லாவற்றுக்கும் கோடு போட்டேன். கடைசி அத்தியாயத்தை, அவள் தோற்ற பிறகு ருசித்துப் படிக்கலாம் என்று தொடாமல் வைத்தேன்.

கடைசி அத்தியாயத்துக்கு முன் எல்லோரையும் கூட்டிவைத்துக் கொலைகாரனை அறிவிப்பது வளர்மதியின் வழக்கம். அன்றும் என் நாவலைப் பிடுங்கிப் படித்துவிட்டுக் கூட்டினாள்.

"டாக்டர்" என்றாள்.

"எப்பிடிச் சொல்ற?" என்றேன்.

"புக்கு பூரா கோடு போட்டிருக்க. அந்த சுவிட்சு போடற பக்கத்துல மட்டும் ஒரு புள்ளிகூட இல்ல. அங்க பேனாவக் கொண்டுபோவவே பயந்துட்டியா? எழுதனவரு அழகா மறைச்சாரு, நீ காட்டிக் குடுத்துட்ட."

"டீ பார்ட்டி, இந்த வருஷமும் அவுட்டா?" என்று அவள் அப்பா, என் மாமா, தொடையில் தட்டிச் சிரித்தார்.

வெற்றிக்கு முத்திரை குத்த அவள் கடைசி அத்தியாயத்தைப் புரட்டினாள். புரளவில்லை. பலாப்பிசினில் எட்டுப் பக்கமும் ஒரே பலகையாக ஒட்டிக் கிடந்தன. இழுத்தாள், எழுத்தெல்லாம் உரிந்து வந்தது.

"அடப்பாவி, ஒட்டியா வெச்ச? உனக்கு முடிவு தெரியும்ல, சொல்லுடா!"

திட்டம் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு அழகாக வந்திருக்காது. "டாக்டர்னு யாரு சொன்னா?" என்று கேட்டு, மெல்லச் சிரித்தேன். அன்று சாயந்திரம் அவள் பலாச்சுளையைத் தொடவில்லை. "டீ பார்ட்டி" என்று அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவும் இல்லை.

இப்போது எனக்குத் தொந்தியும் மூக்குக்கண்ணாடியும் வந்துவிட்டன. புத்தகக் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. அந்த நாவலைப் பழைய புத்தகக் கடைகளில் திருட்டுத்தனமாகத் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. ஒவ்வொரு விசேஷத்திலும் வளர்மதி என்னை ஓரமாக இழுத்து, "இப்பவாச்சும் சொல்லு, டாக்டர்தானே?" என்கிறாள். நான் அதே சிரிப்பைச் சிரிக்கிறேன். இத்தனை வருஷமாக நான் வாங்கும் ஒரே பழி அதுதான்.

இதையும் அவள் படிப்பாள். அந்த "ஒரே மஞ்சள் பை" வருகிற இடத்திலேயே நிறுத்தி, பச்சைப் பேனாவைத் தேடியிருப்பாள்.