சுவாமி காவப் போன முதுகு

எங்கள் பேர்லின் கோயில் திருவிழாவில் சுவாமியைத் தோளில் சுமந்து காவ ஆள் சேர்ப்பவர் என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவர் மேல் பிழை இல்லை. நான் எப்போதும் கடைசி வரிசையில், சுவரோடு நிற்கிறவன். இந்த வருடம் அவரே பக்கத்தில் வந்து கேட்டார்.

"அண்ணை, முன்தடிக்கு ஒரு தோள் வேணும். வாறியளோ?"

"ஓம்" என்று சொல்லிவிட்டேன். வீடு போகும்வரை சிரித்துக்கொண்டே போனேன்.

ஆனால் அந்தத் தோள்தான் சரியில்லை. உணவகத்தில் பெரிய சட்டிகளைத் தூக்கித் தூக்கி வலது பக்கம் இறுகிக் கிடந்தது. கையைத் தலைக்கு மேலே உயர்த்த முடியாது. இப்படியே போனால் என் இடம் வேறொருவருக்குப் போய்விடும். கூட வேலை செய்யும் சீனர், தங்கள் நாட்டு வைத்தியம் செய்யும் ஓர் அம்மாவிடம் என்னைக் காட்ட நாளும் நேரமும் கேட்டு டெர்மின் எடுத்துத் தந்தார்.

அந்த அம்மா என்னைக் குப்புறப் படுக்கவைத்து, கண்ணாடிக் கோப்பைக்குள் நெருப்பைக் காட்டி எடுத்து, உடனே முதுகில் கவிழ்த்தார். கோப்பை தோலை அப்படியே கவ்விப் பிடித்தது. பிறகு இன்னொன்று, இன்னொன்று. எனக்குக் கூச்சமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எல்லாவற்றையும் கழற்றியபின் எழுந்து கையை உயர்த்தினேன். கை தலைக்கு மேலே போனது! பஸ்ஸில் இருக்க இடம் இருந்தும் நின்றுகொண்டு, மேற்கம்பியைப் பிடித்தேன், விட்டேன், திரும்பப் பிடித்தேன்.

வீட்டில் சட்டையைக் கழற்றியதும் மனைவி கத்தினார்.

"இஞ்சாருங்கோ, முதுகெல்லாம் கத்தரிக்காய் நிறத்தில வட்டம் வட்டமாக் கிடக்கு! நாளைக்கு இதோடயோ சுவாமி காவப் போறியள்?"

அப்போதுதான் உறைத்தது. கோயிலுக்குள் ஆண்களுக்கு மேற்சட்டை இல்லை. சால்வையையும் இடுப்பில்தான் கட்டவேண்டும்.

"காய்ச்சலெண்டு சொல்லி வீட்டில நில்லுங்கோவன்."

"ஏலாது. போறன்."

அடுத்தநாள் மனைவி முதுகு முழுவதும் திருநீற்றை அள்ளிப் பூசிவிட்டார். வெள்ளைக்கு நடுவில் வட்டங்கள் இன்னும் எடுப்பாகத் தெரிந்தன. தடியில் எனக்குப் பின்னால் நின்ற இளந்தாரி மெல்லக் கேட்டான்.

"அண்ணை, என்ன இது? அக்கா அகப்பையால போட்டவவோ?"

வேறு நாளென்றால் தலையைக் குனிந்திருப்பேன். அன்று வலி போன சந்தோசப் புளுகத்தில் வாய் தானாகத் திறந்தது.

"அகப்பைக் காம்பால அடிச்சா நீளமா விழும் தம்பி. உனக்குக் கலியாணம் ஆகேல்லை, தெரியாது."

அவன் குலுங்கினான். அவனுக்குப் பின்னால் நின்றவரும் குலுங்கினார். அந்த நேரம் பார்த்துச் சுவாமி தோளேறிவிட்டது. சிரிப்பை அடக்க அடக்கத் தடி நடுங்க, சுவாமியும் மேலே குலுங்கத் தொடங்கியது. நாங்கள் சுவாமியை ஆட்டுகிறோம் என்று நினைத்த மேளகாரர் அடியை விரைவாக்கினார்கள். சனம் "அரோகரா!" என்று கையைத் தலைக்கு மேலே கூப்பியது.

ஆள் சேர்ப்பவர் பக்கத்தில் ஓடிவந்தார். "ஆரப்பா ஆட்டச் சொன்னது?" என்றவர், சனத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "சரி சரி, நிப்பாட்டாதேங்கோ, ஆட்டுங்கோ!" என்றார்.

ஆட்டினோம். இடமும் வலமுமாக, முன்னும் பின்னுமாக. பெண்கள் பக்கத்தில் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். தோள் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் தாங்கியது. வாசலுக்கு வந்ததும் ஐயர் இறக்கச் சொன்னார்.

"ஐயா, இன்னொரு சுத்து வருவமோ?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கேட்டது நான்தான்.