பத்து விரல் மை

"இடது கையக் காட்டுங்க."

காட்டினாள். வாக்குச்சாவடி அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"வலது கை."

அதுவும் அப்படித்தான். பத்து விரல்களிலும் கருநீலக் கறை, நகக்கண் வரை.

"எந்த பூத்துல போட்டீங்க?"

"எங்கயும் போடலை சார். மை கம்பெனியில பாட்டில் நிரப்புறவ நான். உங்க மேசையில இருக்கே, அதுகூட நான் நிரப்பினதுதான்."

வரிசையில் ஒருவன் சிரித்தான். "அக்கா பத்து ஓட்டுப் போட்டுட்டுதான் வந்திருக்கு. பதினொண்ணாவது இங்க."

கம்பெனியில் அவளுக்கு 'மைக்கா' என்று பெயர். பதினாறு வருடமாக மூன்று கண்டங்களுக்கு மை நிரப்பியவள். ஆப்பிரிக்காவில் ஒரு நாடு விரலையே முக்கும்; அதற்கு அகலவாய் பாட்டில். ஆசியாவில் ஒன்று நகத்தில் கோடு இழுக்கும். அதற்குக் குச்சி வைத்த மூடி. தென் அமெரிக்காவில் ஒன்று முதல் தேர்தலுக்கு இருநூறு பெட்டி வாங்கியது. இரண்டாவதற்கு அனுப்பியவை துறைமுகத்திலிருந்தே திரும்பி வந்தன. பட்டாளம் ஆட்சியைப் பிடித்துவிட்டதாம்.

"முதல் ஆர்டர் எவன் வேணாலும் குடுப்பான். ரெண்டாவது வந்தாத்தான் ஜனநாயகம்" என்பாள் மைக்கா.

அவளுடைய நாடு இந்த வருடம்தான் முதல் ஆர்டர் கொடுத்தது.

மகன் மூன்று வருடமாக விசாரணையில்லாமல் சிறையில் இருக்கிறான். எதிர்க்கட்சி, ஜெயித்தால் அவனைப் போன்றவர்களை விட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தது. உள்ளூர் ஆர்டரை முடிக்கக் கடைசி வாரம் இரண்டு ஷிப்ட் பார்த்தாள். கையுறை கிழிந்துபோனது. "தேர்தல் முடியட்டும், புதுசு தர்றேன்" என்றார் சூப்பர்வைசர். மண்ணெண்ணெய், எலுமிச்சை, கருங்கல் எல்லாம் போட்டுத் தேய்த்தாள். தோல்தான் போனது.

கம்பெனி அட்டையை நீட்டினாள். அதிகாரி வாங்கவில்லை.

"அட்டை சரிம்மா. மை இருந்தா ஓட்டுச் சீட்டுக் குடுக்கக் கூடாது."

"எல்லாம் கம்பெனி மைதான் சார்."

"இது அழியாது, ஏமாத்த முடியாதுன்னு உங்க கம்பெனிதான எழுதிக் குடுத்திருக்கு? நான் கம்பெனிய நம்பவா, உங்கள நம்பவா?"

அவள் அட்டையைத் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

"அடுத்தவங்க வாங்க."

மறுநாள் ஏழு மணிக்கு வேலைக்குப் போனாள். புதுக் கையுறை வந்திருந்தது. ஆட்சியிலிருந்த பழைய ஆட்களே ஜெயித்துவிட்டதாக வானொலி சொன்னது. மதியம் வரை அகலவாய் பாட்டில் நானூறு நிரப்பினாள். உள்ளூர் ஆர்டரில் மிஞ்சிய பெட்டிகள் பின்சுவரோரம் கிடந்தன. இனி வேண்டியிருக்காது, கொட்டிவிட்டு பாட்டிலைக் கழுவச் சொன்னார்கள். கழுவினாள்.